காஞ்சிபுரத்துத் தறியும் மார்க்சிய வரலாற்றுப் பார்வையும்

(காஞ்சிபுரத்தில் இளைஞர்களுக்கான படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



உற்பத்திச் சக்தி, உற்பத்தி உறவு, அடித்தளம், மேற்கட்டுமானம் என்று மார்க்சியச் சொற்கள் வரிசையாக வந்து புதிதாகப் படிப்பவரை மிரட்டும். காஞ்சிபுரத்துக்காரர்கள் மிரளத் தேவையில்லை. நம் ஊர்த் தறி ஒன்றைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

வீட்டில் இருக்கும் தறி பெரும்பாலும் நெசவாளருடையது. பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பவை. நெய்து முடித்த சேலையும் முதலாளிக்கே போகிறது. நெசவாளருக்குக் கிடைப்பது சேலைக்கு இவ்வளவு என்ற கூலி. அப்படியென்றால் அவர் சொந்தத் தொழில் செய்பவரா, கூலித் தொழிலாளியா? கருவி கையில் இருப்பதாலேயே ஒருவர் சுதந்திரமானவர் ஆகிவிடுவதில்லை. மூலப்பொருளும் சந்தையும் யார் பிடியில் இருக்கின்றன என்று கேட்கச் சொல்கிறார் மார்க்ஸ். பழைய உற்பத்தி முறையை மாற்றாமலேயே அதை மூலதனம் தனக்குக் கீழே கொண்டுவந்துவிடும் என்பது அவருடைய விளக்கம்.

கோர்வைச் சேலைக்குக் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். பக்கத்தில் ஒரு துணை ஆளும் வேண்டும். தார் சுற்றவும் ஆள் வேண்டும். இந்த வேலைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையிலும் பிள்ளைகள் தலையிலும்தான் விழுந்தன. கூலி ஒருவர் பெயரில் வருகிறது. உழைப்போ ஒரு குடும்பத்துடையது.

இதுவரை மார்க்ஸ் நமக்குப் போதும். விவாதம் இனிமேல்தான்.

1853இல் நியூயார்க் டெய்லி ட்ரிபியூனில் இந்தியாவைப் பற்றி மார்க்ஸ் எழுதினார். ரயில் வரும், அதன் பின்னால் நவீனத் தொழில் வரும், சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினை கரைந்துபோகும் என்று எதிர்பார்த்தார். ரயில் காஞ்சிபுரத்துக்கும் வந்தது. கூட்டுறவுச் சங்கமும் புவிசார் குறியீடும் இணைய விற்பனையும் வந்தன. சாதி கரையவில்லை.

ஏன்? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டப்பட்டார்கள். நிலமும் சேமிப்பும் இல்லாத வீட்டுக்குத்தான் அந்த முன்பணம் தேவைப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்கள் யார்? சந்தைக்குள் எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழைவதில்லை. யார் எந்த வாசலில் நிற்பது என்பதைச் சாதி முன்பே முடிவு செய்துவிடுகிறது. அப்படியிருக்க, அதை வெறும் மேற்கட்டுமானம் என்று எப்படி ஒதுக்குவது? அது உற்பத்தி உறவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

வர்க்கம் ஒழிந்தால் சாதி தானாக ஒழியும் என்று காத்திருப்பது பிழை. மார்க்ஸ் நமக்கு வேண்டாதவர் என்று ஒதுக்குவதும் பிழைதான். முதலாளியும் நெசவாளியும் ஒரே சாதியாக இருந்தாலும் கூலிச் சுரண்டல் நிற்பதில்லையே!

1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அடுத்த மாதம் கான்பூரில் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குச் சிங்காரவேலர் தலைமை தாங்கினார். 1932இல் இருவரும் ஈரோட்டுத் திட்டத்தில் கைகோத்தார்கள். அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. ஆனால் அவர்கள் சேர்த்துப் பிடித்த இரண்டு கேள்விகளும் இன்னும் தீரவில்லை.

தோழர்களே, ஒவ்வொருவரும் உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். பட்டு யாருடையது, கடன் யாருடையது, கூலியை யார் முடிவு செய்கிறார், யார் வீட்டில் யார் பெண் எடுக்கிறார் என்று நான்கு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். கிடைக்கும் பதில்களோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். விவாதிப்போம்.