மலைப்பள்ளி டீச்சரை எங்கே தயார் பண்றோம்?

(இளைஞர் கருத்தரங்கில் நம்ம ஐ.டி. விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியரிங் படிச்சவன். டீச்சர் டிரெய்னிங் பத்தி இவனுக்கு என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். எங்க அக்கா டீச்சர். முதல் போஸ்டிங் மலை மேல ஒரு தொடக்கப்பள்ளி. போன முதல் வாரமே தலைமை ஆசிரியர் மீட்டிங்குக்குக் கீழே இறங்கிட்டார். ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் மொத்தப் பிள்ளைகளும் ஒரே அறையில். அக்கா பயிற்சி எடுத்தது டவுன் பள்ளியில், ஒரு நேரத்துக்கு ஒரே வகுப்பு. "பத்து நிமிஷத்துல நோட்டை மூடி வெச்சுட்டேன்டா"ன்னாங்க.

அக்காவைக் குறை சொல்லாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். வகுப்பு அஞ்சு, ஆள் ரெண்டு. அப்போ சின்ன ஊர்ப் பள்ளியில் பல வகுப்பைச் சேர்த்து நடத்துறதுதான் அன்றாட வேலை. அதை வேலைக்குப் போன பிறகா கத்துக்கணும்? அதுக்குள்ள ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிடுது. டீச்சரும் டிரான்ஸ்பர் கேட்டுடுறாங்க.

வழி இல்லாம இல்ல. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில், சுத்துப்பட்டு கிராமங்களின் சின்னப் பள்ளிகளுக்காக அட்டைகளை வெச்சு ஒரு முறையை உருவாக்கினாங்க. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துப் பழகி, நமக்கேத்த அட்டைகளைத் தாங்களே தயாரிச்சாங்க. 2003-ல் சென்னையில் ஆரம்பிச்ச அந்தச் செயல்வழிக் கற்றல், 2007-ல் மாநிலம் முழுக்கப் போச்சு. அதுல குறை சொல்றவங்களும் உண்டு, அது வேற விவாதம். கிராமத்துப் பள்ளிகிட்ட நகரத்து ஆசிரியர்கள் போய்க் கத்துக்கிட்டாங்க பாருங்க, அதைத்தான் சொல்ல வர்றேன்.

அதே மாதிரி, பயிற்சிக் காலத்துல சில வாரமாவது மலைப்பள்ளியில் தங்கணும். அங்கே வருஷக்கணக்கா இருக்கிற ஆசிரியர்தான் வழிகாட்டி; அவர் போடுற மார்க்கும் சேரணும். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளரும் மலையேறி வரணும். பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் அரசு கொடுக்கணும். இல்லேன்னா வசதி இருக்கிறவங்க மட்டும்தான் வருவாங்க. பெண்களுக்குப் பாதுகாப்பான அறையைப் பள்ளி மேலாண்மைக் குழு பார்த்துக் கொடுக்கலாம். நீலகிரியில் இருளர், பணியர் பிள்ளைகள் வீட்டுல பேசுற மொழியே வேற. அங்கே ஊர் அக்கா ஒருத்தர் வகுப்பில் கூட உட்காரணும், அதுக்குச் சம்பளமும் தரணும்.

உங்க ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்து எப்போன்னு விசாரிங்க. பயிற்சி ஆசிரியர் வந்தா தங்க இடம் கொடுப்போமான்னு அங்கே கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்டுல எழுதுங்க. மாவட்ட வாரியா நான் தொகுத்துத் தர்றேன்.