மதில் எழுமுன் கேட்க வேண்டியவை



இக்கருத்தரங்கில் நாம் கூடியதற்குக் காரணமான வினாவுக்கு நேரே வருகின்றேன். மாநில அரசு ஒரு சிறைச்சாலை எழுப்பக் கருதும்போது, அந்நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என விதி செய்துள்ள ஸ்தல ஸ்தாபனத்தின் அநுமதியைப் பெறக் கடமைப்பட்டதா என்பதே அவ்வினா.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இவ்வினா ஒரு பழைய மடத்தின் வாயிலில் எழுந்தது. டெட்ராய்ட் நகரில் கன்னியாஸ்திரீகளின் மடமாக இருந்த கட்டடத்தைக் கத்தோலிக்க மறைமாவட்டத்திடம் குத்தகைக்குப் பெற்று, விடுதலை நெருங்கிய கைதிகளை வெளியுலக வாழ்வுக்குப் பழக்கும் இல்லமாக்க மாநிலச் சிறைத்துறை முற்பட்டது. நகரத்தின் நிலப்பயன் விதிகள் இடந்தரவில்லை. சிறைகளின்மீது முழு அதிகாரத்தையும் சட்டமன்றம் அத்துறைக்கே அளித்திருப்பதால் நகரவிதி அதனைக் கட்டுப்படுத்தாது என்று, 1978-ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் முடிபு கூறியது.

அம்முடிபின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. சிறை எல்லார்க்கும் வேண்டும். தம் தெருவில் மட்டும் எவர்க்கும் வேண்டாம். ஒவ்வோர் ஊருக்கும் தடுக்கும் உரிமையை அளித்துவிட்டால், நெரிசல் மிகுந்த பழைய கொட்டடிகளில் கிடக்கும் கைதிகளே அதன் துன்பத்தைச் சுமப்பர்.

ஆயினும், தடுக்கும் உரிமை வேறு. தன் சொல் கேட்கப்பெறும் உரிமை வேறு. ஆயிரம் பேர் உறங்கும் சிறை ஒரு சிற்றூருக்கு நிகர். அதன் கழிவுநீர் எந்தக் குழாயில் கலக்கும், அக்குழாய் அதனைத் தாங்குமா, காவலர் பணிமுறை மாறும் வேளையில் எந்தச் சாலைச் சந்திப்பில் வண்டிகள் தேங்கும், மகனைக் காண வரும் தாய் எங்கே பேருந்திலிருந்து இறங்கி எவ்வளவு தொலைவு நடப்பாள் என்பவற்றைத் தலைநகரத்து வரைபடத்தைக் காட்டிலும் ஊராரே நன்கறிவர்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் திருமணமான மாணாக்கர்க்கு வீடு கட்ட முனைந்ததைப் பற்றிய 1972-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. விதியினின்று பல்கலைக்கழகத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அவ்விலக்கை நியாயமற்ற முறையில் பிரயோகிக்கலாகாது. ஊராட்சியைக் கலந்து, அதன் ஆட்சேபங்களைப் பரிவோடு கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டுக்குரைத்த இந்நெறி சிறைக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்; ஏனெனில், மதில் எழுந்துவிட்டால் பல தலைமுறைக்கு ஊர் அதனைச் சுற்றியே வளர வேண்டியிருக்கும்.

ஆதலின், அறிஞர்காள், இரண்டினைச் சிந்திக்க வேண்டுகிறேன்: இடம் முடிவாகுமுன் ஊரைக் கேட்பதும், ஏற்க இயலாத ஆட்சேபத்துக்குக் காரணங்காட்டி எழுத்தில் விடையளிப்பதும் சட்டத்திலேயே கடமைகளாக வேண்டாவா? நிலத்தை வாங்கியபின் கூட்டும் கூட்டம் அறிவிப்பேயன்றி ஆலோசனை ஆகாது. இவ்விண்ணப்பத்தை முன்வைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கின்றேன்.