முதல் வரியில் எதைப் போடுவது?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காகப் பேசச் சொன்னார் செயலாளர். நான் கல்வி நிபுணன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பிறருக்குப் படிவம் நிரப்பித் தரும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிப்பாட மார்க் இதில் சேராது. பக்கத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்த ராமானுஜன் கணிதத்தில் புலி. மற்ற பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார். எந்த மார்க்கை எண்ணுகிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது.

அடுத்து, சான்றிதழ். நம் மாநிலத்தில் 69 சதவீத இட ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020 முதல், பொறியியலில் 2021 முதல். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை. ரிசல்ட் வரட்டும் என்று இருக்காமல், சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, விருப்பப் பட்டியல். இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். சில வருஷங்களுக்கு முன் என் தங்கை மகன், "மாமா, நீங்களே வரிசை போட்டுக் கொடுங்க" என்றான். அவன் ஆசைப்பட்ட கல்லூரி எட்டாது என்று நானே முடிவு செய்து, "கிடைக்கிறதை முதல்ல போடுடா, ஆசையைப் பின்னால வச்சுக்கலாம்" என்றேன். முதல் வரியில் போட்டதே கிடைத்தது. சுற்று முடிந்து பார்த்தால், அவன் ஆசைப்பட்ட இடம், அவன் பிரிவிலேயே, அவனைவிடக் குறைந்த கட்-ஆஃப் உள்ளவருக்குப் போயிருந்தது.

கம்ப்யூட்டர் நம் பட்டியலை மேலிருந்து படிக்கிறது. நம் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே நகரக் காத்திருக்கலாம். அதுவும் பட்டியலில் அதற்கு மேலே எழுதியவற்றுக்குத்தான். முதல் வரியே கிடைத்தவனுக்கு மேலே ஏது? ஆசையை மேலே எழுதினால் கீழே உள்ள இடம் பறிபோகாது. இதை நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளாமலே, தெரிந்தவன் மாதிரி சொல்லிவிட்டேன்.

அவன் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தீபாவளிக்கு வந்து அதே "மாமா"தான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கும்போது அந்தப் பட்டியல் ஞாபகம் வரும்.

ஆகவே, முதல் வரியைப் பிள்ளையே எழுதட்டும். போன வருஷக் கட்-ஆஃபைப் பார்த்து, நிச்சயமாகக் கிடைக்கும் இடங்களைக் கீழே தாராளமாகச் சேருங்கள். படிவத்தைச் சரிபார்க்க என் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வரிசையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.