மருந்துக்குச் சாகாத பூச்சி கொடுக்கும் விலை



"போன வருஷம் கேட்ட மருந்து இந்த வருஷம் கேக்கல." பூச்சிமருந்துக் கடை வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னா இந்தப் பேச்சு காதில் விழும். உடனே போலி மருந்துன்னு முடிவு கட்டிடுறோம். மருந்து சரியாவே இருந்து, பூச்சி மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

லட்சக்கணக்கான பூச்சியில் ஒண்ணு ரெண்டுக்குப் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் குணம் இருக்கலாம். அடிச்சதும் மத்ததெல்லாம் சாகும், அது மட்டும் பெருகும். இது நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதை. அந்தத் தாங்கும் சக்திக்குப் பூச்சி ஒரு விலை கொடுக்குது. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

நம்ம மிளகாய்ச் செடியிலும் நீலகிரி உருளைக்கிழங்கிலும் வர்ற பச்சை அசுவினி இங்கிலாந்திலும் இருக்கு. அங்கே ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பல வருஷம் கவனிச்சாங்க. ஆர்கனோபாஸ்பேட் மருந்தைத் தாங்கும் அசுவினி, எஸ்டரேஸ் என்ற நொதியை அளவுக்கு மீறி உற்பத்தி பண்ணுது. உள்ளே வர்ற மருந்தை அந்த நொதி பிடிச்சு வச்சு உடைச்சிடும். ஆனா குளிர்காலத்தில் இலை பழுத்ததும் சாதாரண அசுவினி நல்ல இலைக்கு நகரும்; தாங்கும் அசுவினியில் பலதும் மந்தமா அங்கேயே இருந்து இலையோடு விழுந்து சாகும். இன்னொண்ணு, எதிரி பிடிச்சா அசுவினி பின்பக்கக் குழல் வழியா ஒரு வாசனையை விடும். "ஓடு ஓடு"ன்னு மத்ததுக்குச் சொல்ற எச்சரிக்கை அது. தாங்கும் அசுவினிக்கு அது சரியா உறைக்கிறதில்ல. ஒட்டுண்ணிக் குளவிகிட்ட சுலபமா மாட்டிக்குது.

சமவெளியில் அந்தக் குளிர் ஏது? இங்கே விலையை வசூல் பண்ண இருக்கிறது பொறிவண்டும் குளவியும்தான். கண்டபடி மருந்தடிச்சு வசூல்காரரையே கொன்னுட்டா, பூச்சிக்குக் கடன் தள்ளுபடி!

பருத்தியில் இதைக் கண்கூடா பார்க்கலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் 1996-ல் பி.டி. பருத்தி வந்தப்போ, கூடவே சாதாரண பருத்தியும் போட்டாங்க. பி.டி. நஞ்சு இல்லாத செடியில், அந்த நஞ்சைத் தாங்கும் இளஞ்சிவப்பு காய்ப்புழு சரியா பிழைக்கல. பருத்தியிலேயே இருக்கிற காசிபால் அதை இன்னும் பலவீனமாக்குச்சு. பத்து வருஷம் போயும் எதிர்ப்பு பரவல. 2006-லிருந்து மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டாங்க. 2018-ல் அமெரிக்கப் பருத்தியில் அந்தப் புழு ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாச்சு.

இந்தியாவில் 450 கிராம் பி.டி. விதையோட 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தாங்க. பெரும்பாலும் அதை யாரும் விதைக்கல. ஏக்கர் கணக்கில் நிலம் வச்சிருக்கிற நாட்டு விவசாயியையும், ஒண்ணரை ஏக்கர்காரரையும் ஒரே தராசில் நிறுத்த எனக்கு மனசில்ல. ஆனா புழு அதைப் பார்க்கிறதில்லையே. 2008-ல் குஜராத் அம்ரேலியில் முதல் மரபணுவைத் தாங்கும் புழு தெரிஞ்சது. அடுத்த சில வருஷத்தில் ரெண்டு மரபணு ரகமும் அதுக்கு எடுபடாம போச்சு.

எல்லாப் பூச்சிக்கும் விலை ஒண்ணு கிடையாது. சிலதுக்கு ரொம்பக் குறைவு. ஒரே மருந்தை விடாம அடிச்சா, அந்தக் குறையை ஈடுகட்டும் மாற்றமும் பூச்சிக்குள்ள வந்து சேரலாம். அதனால சீக்கிரமே மருந்தை மாத்தணும்.

மாத்துறதுன்னா கம்பெனி பேரை மாத்துறதுன்னு நினைச்சிடாதீங்க. லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் வேதிப்பெயரைப் பாருங்க. இமிடாகுளோபிரிட், தையாமீதாக்சம் ரெண்டும் பூச்சியின் நரம்பை ஒரே இடத்தில்தான் தாக்கும். ஐராக் என்ற சர்வதேச அமைப்பு மருந்துகளைச் செயல்படும் விதப்படி பிரிச்சதில் ரெண்டுமே 4ஏ. ஒண்ணு கேக்கலன்னு இன்னொண்ணு அடிச்சா, பூச்சிக்குப் பழகின மருந்துதான்.

கையில்தான் போன் இருக்கே. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் லேபிளை ஒரு போட்டோ எடுத்து வைங்க, தேதி தானா பதிவாகும். உழவன் செயலியில் உதவி வேளாண் அலுவலர் வர்ற நாளைப் பார்த்து அவரிடம் காட்டுங்க. அவசரம்னா கிசான் கால் சென்டர் 1800-180-1551. கட்டணம் இல்ல.