வரப்பைக் காக்கும் பொடுதலை



வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரப்பைச் சீர் செய்ய மண்வெட்டியோடு கிளம்புவீங்க. வெட்டுவதற்கு முன், வரப்பில் பாய் விரித்தாற்போல் கிடக்கும் பொடுதலையைக் கொஞ்சம் பாருங்கள்.

இது நம் மண்ணுக்குச் சொந்தமான செடி. ஒருமுறை வேர் பிடித்தால் பல வருஷம் நிற்கும். இலையின் நுனிப் பக்கம் மட்டும் அரம் போலப் பல் இருக்கும். காம்பு நுனியில் திப்பிலி மாதிரி சிறு கதிர். அதைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் பூக்கள். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச வீட்டில் பறித்து வருவார்களே, அதே செடிதான்.

"இது களைதானே?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வருஷம் வாய்க்கால் கரைக்குக் களைக்கொல்லி அடிக்கச் சொன்னேன். கரை மொட்டையாச்சு. ஐப்பசி மழையில் கரை உடைந்து, நட்டுப் பத்து நாளான பயிரை மண் மூடிவிட்டது. அந்த விவசாயி என்னைக் கோபிக்கவில்லை. "மருந்து படாத இடம் மட்டும் நிக்குது, பாருங்க சார்" என்றார். அங்கே பொடுதலை இருந்தது.

காரணம் இதுதான். பொடுதலைக் கொடி மண்ணில் படும் கணுவிலெல்லாம் வேர் விடும். மேல்மண்ணைத் தைத்தாற்போல் பிடித்துக்கொள்ளும். மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது. தாழ்வாகப் படர்வதால் எலி வளையும் கண்ணுக்குத் தப்பாது. பூவைத் தேடித் தேனீக்களும் வரும்.

செய்ய வேண்டியது என்ன? வயல் பக்கம் வழக்கம்போல் அண்டை வெட்டிச் சேறு பூசுங்கள். வெட்டின கொடியை வயலில் போடாதீங்க. ஈரத்தில் வேர் பிடித்துவிடும். வரப்பின் மேற்புறத்தையும் வாய்க்கால் சரிவையும் செதுக்க வேண்டாம். உயர்ந்த புல்லை மட்டும் அரிவாளால் அறுங்கள். மொட்டையான இடத்தில், மூன்று நான்கு கணு உள்ள கொடித் துண்டுகளைச் சாணுக்கு ஒன்றாக, முதல் மழை ஈரத்தில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை ஆடு மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலவீனமான வரப்பைச் செடி மட்டும் காப்பாற்றாது. எலி வளையை அடைத்து, தாழ்ந்த இடத்தில் மண் போட்ட பிறகுதான் பொடுதலை கைகொடுக்கும். பூச்சிமருந்து அடித்த வயலோரத்தில் மருந்துக்கென்று இதைப் பறிக்கவும் கூடாது.

கரையைப் பச்சையாக வையுங்கள். மழை இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.