இரவு உணவுக் கடைகளின் உரிமம்: ஸ்ரீ சிட்டித் தொழிலாளர் பிரச்சினை

(கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



தள்ளுவண்டிக்கு உரிமம் வழங்குவது உள்ளாட்சி அலுவலகத்தின் சில்லறை விவகாரம் என்று நம்மில் சிலர் கருதுகிறோம். அது தொழிலாளி வர்க்கத்தின் பிரச்சினையும்கூட என்பதை விளக்கவே இவ்வுரை.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், தமிழக எல்லையை ஒட்டி, 2008இல் தொடங்கப்பட்டது ஸ்ரீ சிட்டி. கைபேசி, வாகனம், ஏசி, மெட்ரோ ரயில் பெட்டி, சாக்லேட் என அங்கே உற்பத்தி இரவும் பகலும் நடக்கிறது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற சத்தியவேடு பகுதி இது. தமிழ், தெலுங்கு பேசும் தொழிலாளரும் வடமாநிலத் தொழிலாளரும் ஒரே ஷிப்டில் வேலை செய்கின்றனர். நாளொன்றுக்கு 10 மணி நேர வேலைக்கும் பெண்களின் இரவுப் பணிக்கும் வழிசெய்து 2025இல் ஆந்திர அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. இரவு வேலை கூடுகிறது. அந்த இரவில் தொழிலாளி எங்கே உண்பது?

யாருடைய பொறுப்பு?

உழைப்புச் சக்தி நாள்தோறும் மறுஉற்பத்தி செய்யப்பட வேண்டும் என்று மார்க்ஸ் விளக்கினார். அதற்கான செலவை முதலாளி இயன்றவரை பிறர் தலையில் கட்டுகிறார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கே கேன்டீனைக் கட்டாயமாக்கியது. சிறு ஆலைகளில் வேலை செய்வோரும், ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வாடகை அறைக்குத் திரும்புவோரும் டிபன் வண்டியையே நம்பியிருக்கின்றனர். அந்த வண்டிக்காரர் அடுப்பை அணைத்தால் தொழிலாளி பட்டினியாகப் படுக்க வேண்டியதுதான்.

சட்டம் யாரைக் காக்கிறது?

சாலையோர வியாபாரிகளின் நீண்ட போராட்டத்தின் விளைவாக 2014இல் மத்தியச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியதாயின் அதே நாளில் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என அது கூறுகிறது.

ஆனால் அச்சட்டம் நகரங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. திருப்பதி மாநகராட்சியிலும் சூளூர்பேட்டை நகராட்சியிலும் அதைச் சுட்டிக்காட்டி உரிமை கேட்கலாம். ஸ்ரீ சிட்டியைச் சுற்றியிருப்பவையோ கிராம ஊராட்சிகள். பெயரில் சிட்டி, சட்டத்தில் கிராமம்! வளாகத்துக்குள்ளே சாலைகள் தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. ஆந்திரத்தின் பல தொழிற்பேட்டைகளில் உள்ளாட்சி அதிகாரமே தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரிகளிடம் இருக்கிறது. வண்டிக்காரர் யாரிடம் மனுக் கொடுப்பார்? எழுத்தில் உரிமம் இல்லாத இடத்தில் வாய்மொழி உத்தரவு ஆள்கிறது. வாய்மொழி உத்தரவு உள்ள இடத்தில் மாமூல் வளர்கிறது.

தமிழகத்தைப் பாருங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என 2019இல் அரசாணை வெளியானது. 2022இல் அது மேலும் மூன்றாண்டு நீட்டிக்கப்பட்டது. பெரிய உணவகத்துக்கு இரவு முழுவதையும் அரசாணை திறந்துவிட்டது. கணவனும் மனைவியும் நடத்தும் வண்டிக்கடை அந்த ஆணையின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. சட்டத்தின் வர்க்கச் சார்பு இதில் வெளிப்படுகிறது.

நமது நிலைப்பாடு

உரிமமே வேண்டாம் என்று நாம் கோரவில்லை. கெட்ட எண்ணெயும் அசுத்தத் தண்ணீரும் முதலில் பாதிப்பது தொழிலாளியின் வயிற்றைத்தான். எளிய, எழுத்துபூர்வமான, வியாபாரிகளும் பங்குபெற்று முடிவெடுக்கும் உரிமமுறையே நம் கோரிக்கை.

இரண்டு தவறான போக்குகளைத் தவிர்க்க வேண்டும். வண்டிக்காரர் சிறுவுடைமையாளர், அவர் பிரச்சினை நம்முடையதல்ல என்பது ஒன்று. வண்டிக்கடை இருப்பதால் நிர்வாகத்திடம் கேன்டீன் கேட்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முன்னது நேச சக்தியை இழக்கச் செய்யும். பின்னது முதலாளியின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க உதவும். இரவுக் கடைகளில் பாத்திரம் கழுவும் கூலித் தொழிலாளியையும் மறக்கலாகாது. அவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் வார விடுமுறையும் வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்:

1. தொழில் மண்டலங்களைச் சூழ்ந்த ஊராட்சிகளுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பை மாநில அரசு விரிவுபடுத்த வேண்டும்.
2. கணக்கெடுப்பு இரவிலும் நடக்க வேண்டும். பகலில் மட்டும் எண்ணினால் இரவு வியாபாரி கணக்கில் வரமாட்டார்.
3. ஷிப்டு நேரங்களுக்கேற்ற விற்பனை நேரம் உரிமத்தில் எழுதப்பட வேண்டும்.
4. விற்பனை இடங்களில் விளக்கு, குடிநீர், பெண்களுக்கான கழிப்பறை வேண்டும்.
5. இரவு ஷிப்டிலும் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் கேன்டீன் உணவு வழங்கப்பட வேண்டும்.

ஆலை வாயிலில் பிரசுரம் கொடுக்கும் தோழர்கள் எதிரேயுள்ள வண்டிக்கடைகளுக்கும் செல்லுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் பேசுங்கள்; பட்டியல் எடுங்கள்; அவர்களைச் சங்கமாக்குங்கள். ஆலைத் தொழிலாளியும் வண்டிக்காரரும் சேர்ந்து ஊராட்சி அலுவலகத்தின் முன் நிற்கும் நாளில்தான் வாய்மொழி உத்தரவின் ஆட்சி முடிவுக்கு வரும்.