விலாசத்தைச் சரியா எழுதுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். எண்ணூர் பக்கம் ஒரு மீனவ கிராமத்தில் குடும்பம் நடத்துகிறேன். குழுவில் ஊக்குநர் நான்தான், கணக்கும் தீர்மானமும் எழுதுவேன். தலைவி அம்மா என்னைக் கூப்பிட்டு, "கடன், தொழில் பத்தி எல்லாரும் பேசுவாங்க. நீ உங்க குழுவுல நடந்ததைச் சொல்லு" என்றார்கள். அதனால் சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. மீன் விற்கிற அக்கா. சேமிப்பு ஒரு வாரம்கூட தவறாது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவினது உங்களுக்கெல்லாம் தெரியும். வலை போச்சு, படகு கறுத்துப் போச்சு, எண்ணூர் மீன் என்றாலே வாங்க ஆளில்லை. அந்தக் கஷ்டம் முடியறதுக்குள் ஏப்ரல் 15 வந்தது, 61 நாள் தடைக்காலம். அந்த அக்கா மூணு கூட்டத்துக்கு வரவில்லை. நாலு தவணை பாக்கி. ஏன் என்று கேட்டால், "பையனுக்கு உடம்பு சரியில்ல" என்ற ஒரே பதில்தான் வரும். பையனுக்கு 21 வயசு, லோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவன் ராத்திரியில் தூங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறான், கிளாஸை உடைக்கிறான் என்று தெருவில் பேச்சு.

குழு விதிப்படி நீக்கலாம் என்று பேசினோம். யாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. நானே தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். என் கையெழுத்து இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது எங்க அம்மாகிட்ட சொன்னேன்: "அந்தக்காவ எடுக்கப் போறோம்மா. பையன் கீழ்ப்பாக்கம் கேஸாம்." நாம எல்லாருமே இந்த வார்த்தையைச் சாதாரணமா சொல்வோம். சண்டையில் சொல்வோம், பிள்ளைகளைத் திட்டும்போது சொல்வோம். அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "உனக்கு ஒரு சின்னம்மா இருந்தா, தெரியுமா?" என்றார்கள்.

எனக்குத் தெரியாது. 36 வயசு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மாவோட கூடப் பிறந்த தங்கச்சி. முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு ராத்திரியில் எழுந்து கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். புருஷன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பூசாரிகிட்ட போனார்கள், கயிறு கட்டினார்கள், ஒரு கோயிலில் 48 நாள் வைத்திருந்தார்கள். சரியாகவில்லை. கடைசியில் தாத்தா ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார். வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு பெண்கள் இருந்தார்கள். "இப்படி ஒருத்தி இருக்கான்னா யாரு பொண்ணு கேப்பான்?" என்று பயந்து, சேர்க்கும் போது தாத்தா தப்பான விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு தெரு, வேறு ஊர்.

அம்மா எனக்குச் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேலே அவங்களுக்கும் தெரியாது.

நானும் அம்மாவும் அங்கே போய்க் கேட்டோம். ஒரு வயசான ஊழியர் பொறுமையா பழைய பதிவேட்டையெல்லாம் எடுத்துத் தேடிக் கொடுத்தார். சின்னம்மா சேர்ந்த ரெண்டாவது வருஷமே நல்லா தேறிவிட்டார்களாம். தையல் பிரிவில் வேலை செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். மூணு கடிதம். மூணும் "இந்த விலாசத்தில் யாரும் இல்லை" என்று திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கேயே இருந்து, காய்ச்சலில் இறந்து போனார்கள். உறவு யாரும் வரவில்லை என்று பொது மயானத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அந்த மயானத்துக்கும் போனோம். அங்கே வேலை செய்கிற அண்ணன், "இந்தப் பக்கம் பல தடவை தோண்டி மறுபடியும் பொதைச்சாச்சும்மா. இடம் சொல்ல முடியாது" என்றார். அம்மா அந்தப் பக்கமா பார்த்து ஒரு நேரம் நின்றார்கள். பால் கொண்டு போயிருந்தோம். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் ஒரு வேப்ப மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தோம்.

அக்கா தங்கச்சிகளே, இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. கீழ்ப்பாக்கம் என்று நாம் கேலி பண்ணுகிற ஆஸ்பத்திரி 1794-இல் தொடங்கினது. 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 200 வருஷத்துக்கு மேலே எத்தனை குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே வாழ்ந்திருப்பார்கள், எத்தனை பேர் குணமாகித் திரும்பியிருப்பார்கள், எத்தனை பேர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே 1961 முதல் 1978 வரை பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்காமல் 1984-இல் ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற ரெண்டு இளம்பெண்கள் தெருவில் திரிந்த பெண்களுக்காகப் பேன்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். வீடு திரும்ப முடியாத பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, நம் மாதிரி தெருவிலேயே வாடகை வீடு எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு வாழ அவர்கள் வழி செய்கிறார்கள். என் சின்னம்மாவுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் தமிழ்நாடு பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இப்போது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலி போடக் கூடாது.

ஒரு பயிற்சியில் வெளிநாட்டுச் செய்தி ஒன்று கேட்டேன். லண்டனுக்குப் பக்கத்தில் எப்சம் என்ற ஊர். அங்கே ஐந்து மனநல மருத்துவமனைகளில் இறந்தவர்களை, 1899 முதல் 1955 வரை, ஹார்ட்டன் என்ற ஒரே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். சுமார் 9,000 பேர். 1983-இல் அந்த இடத்தையே தனியாருக்கு விற்றுவிட்டார்கள். புதர் மண்டிப் போச்சு. இப்போது அந்த ஊர் ஜனங்கள் ஒரு சங்கம் வைத்து, புதைத்தவர்கள் யார், என்ன வேலை செய்தார்கள், எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொருவரின் கதையாகத் தேடி எழுதுகிறார்கள். அமெரிக்காவில் மினசோட்டா என்ற மாநிலத்தில் இப்படிப்பட்டவர்களின் கல்லறையில் வெறும் நம்பர்தான் இருந்தது. 1994 முதல் ஒரு அமைப்பு அந்த நம்பருக்குப் பதில் பெயர் பொறித்த கல் வைக்கிறது. அதில் மாற்றுத்திறனாளிகளே முன்னாடி நின்று வேலை செய்கிறார்கள். நம்ம சென்னையிலும் 'உறவுகள்' அறக்கட்டளைப் பிள்ளைகள், யாரும் வராத உடல்களைப் போலீஸ் அனுமதியோடு வாங்கி, மாலை போட்டு மரியாதையா அடக்கம் செய்கிறார்கள்.

செத்தவங்களுக்கு மரியாதை செய்வது நமக்குப் புதுசா என்ன? நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் படைக்கிறோம். முஸ்லிம் சகோதரிகள் வீட்டில் கபர்ஸ்தானுக்குப் போய் துவா செய்கிறார்கள். திருவொற்றியூர் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கோவணத்தோடு, பிச்சை எடுத்துச் சாப்பிட்டு அலைந்தவர். அவரை நாம் கும்பிடுகிறோம். அதே தெருவில் அழுக்குத் துணியோடு ஒருத்தர் பேசிக்கொண்டே போனால் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள், நாமும் கதவைச் சாத்துகிறோம். நான் பெரிய ஞானம் பேசவில்லை. நான் தினமும் அந்தப் பக்கம் போகிறவள், அதனால் தோன்றியதைச் சொன்னேன்.

இப்போ அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். மயானத்திலிருந்து திரும்பின மறுநாள் காலையில் அவங்க வீட்டுக்குப் போனேன். பையனின் காலை நைலான் வலைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும், "ரயில் பக்கம் ஓடிட்றான். நான் இன்னா பண்றது, சொல்லு" என்று அழுதார்கள். மூணு மாசமாக அந்த அக்கா வியாபாரத்துக்குப் போகவில்லை. காலில் கயிறு பட்ட இடம் புண்ணாக இருந்தது. நான் எழுதின தீர்மானம் என் பையில் இருந்தது. அதைக் கொடுக்கத்தான் போக வேண்டியவள் நான்.

குழுவைக் கூட்டி என் சின்னம்மா கதையைச் சொன்னேன். முதல்தடவை வெளியில் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லி முடித்ததும் ஒரு அம்மா, "எங்க வூட்லயும் ஒருத்தர் இருந்தாரு" என்றார்கள். இன்னொரு தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பணம் எண்ணியிருக்கிறோம், இது ஒன்றும் தெரியாமல்!

அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தோம். தவணையைச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தோம். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஆட்டோ பிடித்து, பையனை அரசு பொது மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். மருந்து இலவசம். ஆனால் மாசாமாசம் போகணும், வரிசையில் நிற்கணும். அது ஒரு ஆளால் ஆகாது. முறை போட்டு ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் கூடப் போகிறோம். பையன் இப்போது வலை பின்னுகிறான். முழுக்க சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு தடவை நல்லாயிட்டேன் என்று மாத்திரையை நிறுத்தி, மறுபடியும் படுத்துவிட்டான். திரும்பவும் கூட்டிப் போனோம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மாதிரிதான் இதுவும் என்று டாக்டர் சொன்னார். அக்கா மறுபடியும் கூடை தூக்குகிறார்கள். போன மாசம் சேமிப்பு கட்டும்போது என் கையில் ரெண்டு சங்கரா மீனையும் திணித்துவிட்டுப் போனார்கள்.

இந்த மேடையில் கூட்டமைப்புக்கு நாலு கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, தவணை பாக்கி என்று யாரையும் நீக்குவதற்கு முன்னால் ரெண்டு பேராவது அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காமல் தீர்மானம் எழுதக் கூடாது.

ரெண்டு, கூடப் போகிற துணை. ஒவ்வொரு குழுவிலும் மருத்துவமனைக்குத் துணை போக ரெண்டு பேர், வழிச்செலவுக்கு ஒரு சின்ன உண்டியல். ராத்திரியில் அவசரம் என்றால் 14416 டெலி மனாஸ் நம்பருக்குத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ், அடையாள அட்டை வாங்க எழுதத் தெரிந்தவர்கள் மனு எழுதிக் கொடுக்கலாம்.

மூணு, ஒரு நோட்டுப் புத்தகம். நம் பகுதியில் யாருமில்லாமல் தெருவில் கிடப்பவர்கள் பெயர், ஊர், பேசுகிற மொழி என்று தெரிந்ததை எழுதி வைப்போம். அவர்கள் இறந்தால் போலீஸுக்குத் தகவல் சொல்ல, "பெயர் விலாசம் தெரியாதவர்" என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு பெயராவது எழுத உதவும். அடக்கத்துக்கு நம்மில் நாலு பேர் போய் நிற்போம்.

நாலாவது, ரொம்பச் சின்ன விஷயம். யாரை எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும் விலாசத்தைச் சரியா எழுதுவோம். வீட்டு விலாசம் எழுதப் பயமாக இருந்தால், குழுவோட விலாசத்தை எழுதுங்கள். கடிதம் வந்தால் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். நாங்கள் போய் அழைத்துக்கொண்டு வருகிறோம்.

எங்க தாத்தாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்குத் துணை நிற்க அன்றைக்கு ஒரு குழு இல்லை. நமக்கு இருக்கிறது.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு எங்க வீட்டுப் படையலில் ஒரு இலை கூடப் போட்டோம். அம்மா சத்தமா தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பிள்ளைகள், "யாரும்மா அது?" என்று கேட்டார்கள். சொன்னேன்.